போலந்து நாட்டு உணவும் மொழியும்



பிறமொழி ஒன்றைக் கற்கப் புகுவோர் முதலில் இலக்கண நூலையும் அகராதியையும் நாடுகின்றனர். அது முறையே. ஆயினும், அம்மொழிக்கு உரிய மக்கள் எதை உண்கின்றனர், அதற்கு ஏன் அப்பெயர் இட்டனர் என்பவற்றை அறியாதவரை அம்மொழி நமக்கு முற்றும் வசப்படாது என்பது என் கருத்து. போலந்து மக்களின் போலிஷ் மொழியைக் கொண்டு இதனை விளக்க விரும்புகிறேன்.

போலந்து நீண்ட குளிர்காலம் உடைய நாடு. பனிமூடிய மாதங்களில் பசுங்காய் கிடைப்பது அரிது. ஆகவே அம்மக்கள் முட்டைக்கோசையும் வெள்ளரிக்காயையும் உப்பிட்டுப் புளிக்கவைத்துச் சேமித்தனர். புளிப்பே அவர்கள் உணவின் உயிர்ச்சுவை ஆயிற்று. ரை என்னும் தானியத்தின் மாவைக் கரைத்துப் புளிக்கவைத்து ஆக்கும் சூப்புக்கு 'ஷூரெக்' என்று பெயர். இச்சொல் புளிப்பைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து பிறந்தது. பீட்ரூட் கிழங்கால் ஆகும் செந்நிற சூப்பைப் 'பார்ஷ்ச்' என்பர். முற்காலத்தில் இது ஒரு காட்டுச் செடியின் பெயர். அதன் இலையைப் புளிக்கவைத்தே அந்நாளில் சூப் செய்தனர். பிறகு பீட்ரூட் வந்தது, செடி மறைந்தது, பெயர் மட்டும் பானையிலேயே தங்கிவிட்டது!

சூப்பில் இடும் கேரட், செலரிக் கிழங்கு, லீக் முதலியவற்றை ஒரே கட்டாகக் கட்டிச் சந்தையில் விற்கின்றனர். அக்கட்டுக்கு 'வ்வொஷ்ச்சிஸ்னா', அதாவது 'இத்தாலியப் பொருள்' என்று பெயர். 1518-ஆம் ஆண்டில் மன்னர் முதலாம் சிகிஸ்மண்டை மணந்து இத்தாலியிலிருந்து வந்த அரசி போனா ஸ்ஃபோர்ஸா இவற்றைக் கொணர்ந்தார் என்பது வழக்கு. அவற்றுட் சில முன்னரே அங்கு விளைந்தவை எனினும் பெயர் நிலைத்துவிட்டது.

1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ருஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா என்னும் மூன்று பேரரசுகள் போலந்தைப் பங்கிட்டுக் கொண்டன. 1918 வரை, 123 ஆண்டுகள், உலகப் படத்தில் அந்நாடு இல்லை. ருஷ்யரும் பிரஷ்யரும் ஆண்ட பகுதிகளில் பள்ளியிலிருந்து போலிஷ் மொழியை விலக்க முயன்றனர். அடுக்களையிலிருந்து அதனை விலக்க எவராலும் இயலவில்லை. தாய்மார் உணவு படைத்தபோது மொழியையும் உடன் படைத்தனர்.

'பியெரோகி' என்பது சோமாசி வடிவில் மாவை மடித்து, நீரில் வேகவைக்கும் பண்டம். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வெங்காயமும் உள்ளே வைத்ததனைப் 'பியெரோகி ருஸ்கியே' என்பர். இதனை 'ருஷ்யப் பியெரோகி' என்று மொழிபெயர்ப்பவர் பிழை செய்கின்றனர். ருஷ்ய நாட்டைச் சார்ந்தது என்பதற்குப் போலிஷ் மொழியில் வேறு சொல் உண்டு. 'ருஸ்' என்பது ஒரு பழைய நிலப்பெயர். இங்கு அது குறிப்பது, இன்று மேற்கு உக்ரைனில் உள்ள லிவிவ் நகரைச் சூழ்ந்த பகுதியை. 1945-இல் போலந்தின் எல்லை மேற்கே நகர்த்தப்பட்டபோது, அப்பகுதிப் போலிஷ் மக்கள் வீடுவாசல் துறந்து பெயர்ந்தனர். அவர்களோடு இப்பண்டமும் நாடெங்கும் பரவியது. பேச்சுவழக்கில் 'ருஸ்கி' என்னும் சொல் ருஷ்யரையும் குறிப்பதால், 2022-இல் உக்ரைன்மீது ருஷ்யா படையெடுத்தபின் சில உணவகங்கள் இதற்கு 'உக்ரைன் பியெரோகி' என்று பெயர் மாற்றின. ஒரு சிற்றுண்டியின் பெயரில் எத்துணைத் துயரம் அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

இலக்கணத்தையும் இதே தட்டில் கற்கலாம். இரண்டு, மூன்று, நான்கு வரை 'பியெரோகி' என்றே கேட்க வேண்டும். ஐந்தானால் வேற்றுமை மாறிப் 'பியெரோகூஃப்' ஆகிவிடும். பசியோடு நின்று கேட்பவன் இவ்விதியை மறக்கமாட்டான்.

இவ்வாறு கேட்டுப் பழகத் தக்க இடம் 'பார் ம்லெச்னி' எனப்படும் பால் உணவகம். 1896-இல் வார்சாவில் தோன்றிய இவ்வகை உணவகம், பொதுவுடைமை ஆட்சியில் அரசின் உதவியோடு பெருகியது. 1981 முதல் 1989 வரை இறைச்சிக்குப் பங்கீட்டு அட்டை இருந்தது; அக்காலத்தும் இங்கு மாவும் பாலும் முட்டையும் மலிவாய்ப் பசி தீர்த்தன. பின்னர்ப் பல மூடப்பட்டன; எஞ்சியவற்றில் இன்றும் மாணவரும் முதியவரும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். புதுமை நாடும் உணவகங்களும் வார்சாவில் பெருகியுள்ளன. அங்கும் பியெரோகிக்கு இடம் உண்டு.

கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் அந்நாட்டார் இறைச்சியின்றிப் பன்னிரண்டு வகை சமைத்து, எதிர்பாராது வரும் விருந்தினருக்கென ஓர் இருக்கையை வெறுமையாக விட்டுவைப்பர். மொழி கற்பவனும் அத்தகைய விருந்தினனே. சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு திரும்பாமல், அதன் பின்னுள்ள வாழ்வையும் அறிந்து அவர்களோடு அமர்வதே அவ்வழைப்புக்கு நாம் செய்யும் மரியாதை.