குரல் தொழிலும் நம் பிள்ளைகளும்

(மும்பையில், சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)

 

பிள்ளைகளுக்கு எதைக் கற்பித்தால் பிழைப்புக் கிட்டும் என்னும் கேள்வி இக்குடியிருப்பில் வீடுதோறும் எழுவதே. பொறியியல், மருத்துவம், கணக்கியல் என்று விடைகள் வரிசையாக வரும். குரலையே முதலாகக் கொண்டும் கண்ணியமாக வாழலாம் என்பது எளிதில் நம் நினைவுக்கு வருவதில்லை. நாம் வாழும் மும்பையோ அத்தொழிலுக்குப் பெருஞ்சந்தை. விவித பாரதியில் 1967ஆம் ஆண்டு வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கியபோது, முதலில் இடம்பெற்ற நகரங்களுள் இதுவும் ஒன்று. இன்றும் விளம்பரப் படங்களும் பிறமொழித் தொடர்களும் இங்கே தமிழ்க் குரல் பெற்றுத் தமிழகம் செல்கின்றன.

"குரல்வளம் இறைவன் கொடையாயிற்றே, கற்க என்ன இருக்கிறது?" என்று சிலர் வினவலாம். ஒலிப்பதிவுக் கூடத்தில் நடப்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். விளம்பரம் இந்தியிலோ ஆங்கிலத்திலோ பிறக்கிறது. பிறகு அவசரமாகத் தமிழாக்கப்படுகிறது. காலம் 30 விநாடி. இந்தியில் 'அபீ' என்று இரண்டெழுத்தில் முடிவது தமிழில் 'இப்பொழுதே' என்று நீளுகிறது. சொற்கள் நேரத்துக்குள் அடங்கவில்லை. இயக்குநருக்குத் தமிழ் தெரியாது, ஒலிப்பதிவாளருக்கும் தெரியாது. "'இன்றே' என்று மாற்றுவோம், கருத்தும் கெடாது, நேரமும் அடங்கும்" என்று சொல்ல அங்கே குரல் கொடுப்பவர் ஒருவரே இருக்கிறார். அவர் தமிழ் கற்றவராயின் மொழி பிழைக்கும். மறுமுறையும் அவரையே அழைப்பார்கள். கல்லாதவராயின் அப்பிழை ஊரெல்லாம் ஒலிக்கும். ஆகவே குரல் வாயிலைத் திறந்துவிடும். உள்ளே நிலைத்திருக்கச் செய்வது மொழியறிவே.

வெளியூரில் வளரும் பிள்ளைக்கு அத்தகைய தமிழ் வருமா என்று நாம் அஞ்ச வேண்டியதில்லை. "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று தில்லியிலிருந்து ஒலித்த கம்பீரக் குரலைக் கேட்டுத் தமிழகமே கடிகாரத்தைச் சரிபார்த்தது. அந்த அம்மையார் மும்பையில் பிறந்து வளர்ந்தவர். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகச் செய்தி வாசித்தவர். தமிழக அரசின் கலைமாமணி விருது பெற்றவர். 2022ஆம் ஆண்டு இந்நகரிலேயே மறைந்தவர். நம்மைப் போன்றதொரு குடும்பத்தின் மகள்தான் தமிழ் உச்சரிப்புக்கு இலக்கணமாய் விளங்கினார்.

பயிற்சிக்குப் பெருஞ்செலவு வேண்டா. நாள்தோறும் அரைமணி நேரம் செய்தித்தாளை உரக்கப் படித்தல் வேண்டும். உந்தியிலிருந்து எழும் காற்றே நெஞ்சிலும் மிடற்றிலும் தலையிலும் நிலைபெற்று, நாவும் இதழும் பல்லும் தீண்ட எழுத்தாகிறது என்று தொல்காப்பியர் பிறப்பியலில் விளக்கியுள்ளார். மூச்சை அடக்கி ஆளப் பழகுவதே முதற்பாடம். லகர, ளகர, ழகர வேறுபாடு இரண்டாம் பாடம். படித்ததைப் பதிவுசெய்து கேட்பது மூன்றாம் பாடம். துணிமணிகள் நிறைந்த அலமாரியின் முன் அமர்ந்து பேசினால் எதிரொலி குறையும். சிறு வீட்டிலும் இது இயலும். அறிவிப்பு, விளம்பரம், கதை வாசிப்பு ஆகியவற்றில் சிறிது சிறிதாகப் பேசி, ஒன்றரை நிமிட மாதிரிப் பதிவு ஒன்றை ஆயத்தம் செய்துகொண்டால், கூடங்களை அணுகலாம்.

இடர்களையும் மறைக்கலாகாது. இதில் பெரும்பாலோர்க்கு மாதச் சம்பளம் இல்லை. பணிக்கேற்ற கூலியே உண்டு. அதுவும் பல வேளை காலந்தாழ்ந்து வரும். ஆதலால் வேறொரு வேலையைக் கைக்கொண்டே இதனைத் தொடங்குவது விவேகம். மேலும் இந்நாளில், ஒருவரது குரலைச் சிறிதளவு கேட்டே அதனைப் போலப் பேசும் செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. பாடகர் அரிஜித் சிங்கின் குரலை அவ்வாறு போலி செய்வதற்கு 2024 ஜூலையில் மும்பை உயர்நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. புகழ் பெற்றவர் நீதிமன்றம் செல்லலாம்; புதிதாய் வருபவர்க்குத் துணை, கையெழுத்திடும் ஒப்பந்தமே. பதிவை எந்தப் பணிக்கு, எவ்வளவு காலம் பயன்படுத்துவார்கள், அதைக்கொண்டு இயந்திரக் குரல் உருவாக்குவார்களா என்பவற்றை எழுத்தில் பெறாமல் வாய் திறக்கலாகாது.

அன்பர்களே! நம் வீடுகளில் தமிழ் பேசப்படுகிறது. படிக்கப்படுவது அருகி வருகிறது. பேச்சு மட்டும் அறிந்த பிள்ளை, தமிழ்த்தாளைக் கையில் கொடுத்தால் ஆங்கில எழுத்தில் எழுதித்தரக் கேட்கிறது. அந்நிலையில் இத்தொழிலின் வாயில் அதற்கு அடைபட்டதே. சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் கால்மணி நேரமாவது உரக்கப் படித்தலுக்கு ஒதுக்குவோம். பெற்றோரும் வீட்டில் செவிகொடுத்துக் கேட்போம். அவர்களுள் ஒருவரேனும் குரலால் வாழ்வாராயின் மகிழ்ச்சி. எவரும் அத்தொழிலுக்குச் செல்லாவிடினும், தமிழைத் தடையின்றிப் படிக்கும் ஒரு தலைமுறை இக்குடியிருப்பில் எஞ்சும்.