தலையா, கப்பலா?



தெருவில் கிரிக்கெட் தொடங்கும் முன் காசைச் சுண்டிவிட்டு ‘பூவா, தலையா?’ என்று கேட்கிறோம். ரோமாபுரிப் பிள்ளைகள் ‘தலையா, கப்பலா?’ என்று கேட்டார்கள். அவர்களுடைய பழைய வெண்கலக் காசில் ஒரு பக்கம் ஜானஸ் என்ற தெய்வத்தின் தலை, மறுபக்கம் கப்பலின் முகப்பு. ஜானஸுக்கு இரண்டு முகங்கள்: ஒன்று முன்னே பார்க்கும், ஒன்று பின்னே பார்க்கும். வாசலுக்கும் தொடக்கத்துக்கும் உரிய கடவுள் அவர். ஜனவரி மாதம் அவர் பெயரால் வந்ததுதான். பேரரசர்களின் காசுகள் புழங்கிய காலத்திலும் பிள்ளைகள் வாயில் அந்தப் பழைய கேள்வியே நின்றது என்று மக்ரோபியஸ் என்ற லத்தீன் எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார்.

ரோம் நகரின் கேபிடல் குன்றில், ஜூனோ மொனெட்டா தேவியின் கோயிலை ஒட்டி அக்கசாலை இருந்தது. ஆங்கிலத்தில் பணத்தைக் குறிக்கும் ‘மணி’யும், அக்கசாலையைக் குறிக்கும் ‘மின்ட்’டும் அந்த மொனெட்டாவின் பெயரிலிருந்து வந்தவை. காசு அடிக்கும் முறை எளிது. பட்டடையில் கீழ் அச்சு, அதன்மேல் வெள்ளி வில்லை, அதற்கும் மேலே இன்னோர் அச்சு, பிறகு சம்மட்டியால் ஓங்கி ஓர் அடி. கி.மு. 46இல் கரிசியஸ் என்ற அதிகாரி, மொனெட்டாவின் முகத்தை ஒரு பக்கமும், பட்டடை, குறடு, சுத்தியல் ஆகியவற்றை மறுபக்கமும் பொறித்துக் காசு வெளியிட்டார். அதைப் பார்க்கும்போதெல்லாம் நம் ஆயுத பூசைதான் என் நினைவுக்கு வரும்.

குடியரசுக் காலத்தில் காசு அடிக்கும் பொறுப்பு மூன்று அதிகாரிகளிடம் இருந்தது. பெரும்பாலும் அவர்கள் அரசியலில் அப்போதுதான் காலடி வைத்த பெரிய வீட்டு இளைஞர்கள். தங்கள் குலப்பெருமையைக் காசிலேயே சொல்லிக்கொள்ளும் வழக்கம் அவர்களிடம் வளர்ந்தது. எங்கள் முன்னோர் இன்ன வீரர், இன்ன தெய்வம் என்று காட்டப் போய், புராணம் முழுவதும் காசுக்குள் இறங்கிவிட்டது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த காசுக்கு வருகிறேன். இங்கே கொஞ்ச நேரம் நின்றுவிடுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு கி.மு. 82. வெளியிட்டவர் காயுஸ் மமிலியுஸ் லிமெட்டானுஸ். நான்கு கிராமுக்குச் சற்றுக் குறைவான, தினாரியஸ் என்ற வெள்ளிக் காசு. விளிம்பைச் சுற்றி ரம்பப் பல் போல வெட்டுகள். முன்பக்கம் இறகு வைத்த தொப்பியோடு மெர்க்குரி தெய்வம். பின்பக்கம் கோலூன்றி நடந்து வருகிறான் ஒருவன். அவன் எதிரே ஒரு நாய், தலையை நிமிர்த்தி அவன் முகத்தையே பார்க்கிறது.

ஒரு தனியார் சேகரிப்பைப் பட்டியலிடும்போது இந்தக் காசு என் கைக்கு வந்தது. பழைய பதிவேட்டில் ‘மனிதனும் நாயும்’ என்று மட்டும் எழுதியிருந்தார்கள். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஹோமரின் ஒடிசி காவியத்தில் வரும் காட்சி அல்லவா அது!

கிரேக்கர்கள் ஒடிசியஸ் என்றும் ரோமர்கள் யுலிசிஸ் என்றும் அழைத்த அந்த வீரன், டிராய் போருக்குப் போய் இருபதாம் ஆண்டில்தான் ஊர் திரும்புகிறான், அதுவும் பிச்சைக்காரன் வேடத்தில். அவன் மனைவியை மணந்துகொள்ளத் துடிக்கும் கூட்டம் அரண்மனையில் உட்கார்ந்து தின்றுகொண்டிருக்கிறது. வாசலருகே சாணக் குவியலின் மேல், உண்ணி மொய்க்கப் படுத்திருக்கிறது கிழட்டு நாய் ஆர்கோஸ். அவன் கையால் வளர்ந்த நாய். எசமானன் பக்கத்தில் வந்ததும் தெரிந்துகொள்கிறது. காதைத் தாழ்த்தி வாலை ஆட்டுகிறது; எழுந்து வரத் தெம்பில்லை. அவனாலும் கிட்டே போக முடியாது, போனால் வேடம் கலைந்துவிடும். யாருக்கும் தெரியாமல் கண்ணீரைத் துடைத்துக்கொள்கிறான். இருபது ஆண்டு காத்திருந்த நாய், பார்த்தது போதும் என்பதுபோல் உயிரை விட்டுவிடுகிறது.

நேயர்களே, கதையில் எழ முடியாமல் கிடந்த அந்த நாய், காசில் நான்கு காலிலும் நிற்கிறது. அச்சு வெட்டிய கைவினைஞரின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் ஆர்கோஸை எழுப்பி எசமானன் எதிரே நிறுத்தியது அவர் கைதான். அன்று அந்தப் பதிவேட்டில் ‘யுலிசிஸ், ஆர்கோஸ்’ என்று இரண்டு பெயர்களை எழுதிச் சேர்த்தேன். என் பணிக்காலத்தில் மனம் நிறைந்த நாள் அது.

மமிலியுஸ் ஏன் இந்தக் காட்சியைப் பொறித்தார்? யுலிசிஸுக்கும் சர்சி என்ற மாயக்காரிக்கும் பிறந்த டெலிகோனஸின் வழிவந்தவர்கள் நாங்கள் என்று அவர் குடும்பம் சொல்லிக்கொண்டது. முன்பக்கத்து மெர்க்குரியோ யுலிசிஸின் தாய்க்குப் பாட்டன். உள்ளங்கையில் அடங்கும் வெள்ளியில் ஒரு வம்சாவளியே இருக்கிறது! காசில் அதிகாரியின் பெயர் உண்டு. கதையைச் சொல்ல ஓர் எழுத்துக்கூட இல்லை. மலையைத் தூக்கிப் பறக்கும் உருவத்தைப் பார்த்து நாம் யாரென்று கேட்போமா? அதுபோலத்தான் அவர்களுக்கும்.

இதேபோல், சீசரின் காசில் ஈனியாஸ் என்ற வீரன், எரியும் டிராயிலிருந்து முதிய தந்தையைத் தோளில் சுமந்து வருகிறான். முன்பக்கம் அவனைப் பெற்ற வீனஸ்.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். நம் மண்ணில், குறிப்பாகக் கொங்கு நாட்டில், அகஸ்டஸ், திபேரியஸ் ஆகிய ரோமப் பேரரசர்களின் வெள்ளிக் காசுகள் நிறையக் கிடைத்திருக்கின்றன. கோவைப் பக்கத்து அம்மா ஒருவர் தன் வீட்டு ‘லட்சுமி காசை’ என்னிடம் காட்ட வந்தார். செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்திருக்கும் பெண் உருவம், திபேரியஸின் தினாரியஸ். அந்த உருவம், அமைதித் தெய்வத்தின் கோலத்தில் அரசரின் தாய் லிவியா என்பது அறிஞர் பலரின் கருத்து. “எங்க மாமியார் காலத்துலருந்து வெள்ளிக்கிழமைதோறும் திருநீறு போட்டுத் தேய்ச்சுக் கும்பிடறோமுங்க” என்றார். அவருடைய பக்தியை வணங்குகிறேன். ஆனால் தேய்த்துத் தேய்த்து அந்தத் தேவியின் முகம் முழுதாகப் போயிருந்தது.

அதனால் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ பழைய காசு கிடைத்தால் புளியோ திருநீறோ போட்டுத் தேய்க்காதீர்கள், உருக்கவும் கொடுத்துவிடாதீர்கள். மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவியுங்கள். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்வதும் அதுதான். தேய்ந்த முகத்தை யாராலும் மீட்டுத் தர முடியாது.