புகைபோன்ற குழாய்களும் ஒரு துளி இரத்தமும்



குழந்தையொன்று விம்மி விம்மி அழுகின்றது. அழுது ஓய்ந்ததும் அதன் ஒரு கை வலுவற்றுத் தொங்குகின்றது. சிறிது நேரத்தில் கை பழையபடி இயங்குகின்றது. பெற்றோரும் அதனை மறந்துவிடுகின்றனர். சூடான உணவை ஊதி ஊதி உண்ணும்போதும், குழல் வாசிக்கும்போதும் இவ்வாறு நிகழலாம். இது பிடிவாதமுமன்று, பாசாங்குமன்று. மொயாமொயா என்னும் அரிய மூளைக் குருதிக்கலன் நோயின் முன்னறிவிப்பாக இருத்தல் கூடும்.

1957 ஆம் ஆண்டில் யப்பானிய வைத்தியர்கள் இந்நோயை முதன்முதலில் விவரித்தனர். 1969 இல் சுசுகி, தக்காக்கு என்னும் இருவர் அதற்கு இப்பெயரை வழங்கினர். மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருநாடிகள் மண்டையோட்டின் அடிப்புறத்திலே சிறிது சிறிதாகச் சுருங்குகின்றன. பெருவழி அடைபடவே, மூளை நுண்ணிய குழாய்கள் பலவற்றால் மாற்றுவழி தேடுகின்றது. எக்ஸ் கதிர்ப் படத்தில் அவை புகைமண்டலம்போலத் தோன்றும். யப்பானிய மொழியில் மொயாமொயா என்பது அத்தகைய மங்கிய தோற்றத்தையே குறிக்கும்.

அழுகைக்கும் கைக்கும் என்ன தொடர்பு? விரைந்து மூச்சுவிடும்போது இரத்தத்திலுள்ள காபனீரொட்சைட்டுக் குறைகின்றது. அதனால் மூளையின் குருதிக்கலன்கள் சுருங்குகின்றன. முன்னரே இரத்தம் போதாதிருந்த பகுதி அப்போது செயலிழக்கின்றது. இதைக் கவனியாது விட்டால் நிலையான பாரிசவாதம் வரலாம். வளர்ந்தோரிலோ அந்நுண்குழாய்கள் வெடித்து மூளையினுள்ளே இரத்தம் கசிவதுமுண்டு.

நாடியினுள் மருந்தைச் செலுத்தி எக்ஸ் கதிர்ப் படம் எடுத்தோ, காந்த அதிர்வுப் படம் எடுத்தோ இந்நோயை உறுதிசெய்கின்றனர். ஆயின், கை வழமைக்குத் திரும்பிய குழந்தையை இச்சோதனைகளுக்கு அழைத்துச் செல்வோர் எத்தனை பேர்? ஆதலின் இரத்தத்திலேயே நோயின் அடையாளத்தைக் காண ஆராய்ச்சியாளர் முயல்கின்றனர்.

2011 இல் ஆர்.என்.எஃப். 213 என்னும் பரம்பரையலகின் மாற்றமொன்று இந்நோயுடன் தொடர்புடையதென யப்பானில் அறியப்பட்டது. அந்நாட்டு நோயாளருட் பெரும்பாலோரிடம் அது காணப்படுகின்றது. ஆனால் நலமாக வாழும் யப்பானியரிலும் நூற்றுக்கு ஒருவர் இருவரிடம் அது உண்டு. அவர்களுள் மிகப் பெரும்பாலோரை இந்நோய் தீண்டுவதேயில்லை. எனவே அது நோய்க்கான சார்பைக் காட்டுமேயன்றி நோயைக் காட்டாது. இரத்தத்திலுள்ள புரதங்களும் ஆராயப்படுகின்றன. அவற்றுட் சில வேறு நோய்களிலும் மாறுபடுவதே இடர்ப்பாடு. படச் சோதனைக்கு ஈடாக நிற்கவல்ல இரத்தச் சோதனை இன்னும் நிலைபெறவில்லை.

இங்கே சிறு கணக்கொன்றைப் பார்ப்போம். 100,000 பேரில் ஐவருக்கு நோய் இருப்பதாகவும், நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது முறை சரியாக விடைகூறும் சோதனை நம்மிடம் இருப்பதாகவும் கொள்வோம். அது அந்த ஐவரையும் கண்டுபிடித்தாலும், நலமுள்ள ஏறத்தாழ 1,000 பேரையும் நோயாளர் என்று கூறிவிடும்! ஆயிரம் குடும்பங்கள் காரணமின்றிக் கலங்கும். ஆகவே அரிய நோய்க்கு எல்லாரையும் சோதித்தல் பயன்தராது. அறிகுறி தோன்றிய குழந்தைக்கும், நோயாளரின் உடன்பிறந்தாருக்கும், யாருக்குப் படம் எடுக்கவேண்டுமெனத் தீர்மானிப்பதற்குமே அத்தகைய சோதனை உதவும்.

முன்கூட்டி அறிவதன் பயன் பெரிது. தலைத்தோலின் நாடியொன்றை மூளையின் நாடியுடன் இணைக்கும் சத்திரசிகிச்சையை 1967 இல் சூரிச் நகரில் யசார்கில் என்பவர் செய்துகாட்டினார். இன்று மொயாமொயா நோயாளருக்கு இரத்தவழி அமைக்க அம்முறை பயன்படுகின்றது. எனினும் இறந்துபட்ட மூளைப்பகுதியை எந்தச் சிகிச்சையும் மீட்டுத் தராது. காலமே இங்கு முதன்மையானது.

நேயர்களே, ஆய்வுகூடத்தின் விடை வரும்வரை பெற்றோரின் கண்ணும் ஆசிரியரின் கண்ணுமே முதற் சோதனைக் கருவிகள். எழுதுகோலை நழுவவிடும் பிள்ளையைக் கடிந்துகொள்வதற்கு முன்னர், அதற்குச் சற்று முன் அப்பிள்ளை என்ன செய்துகொண்டிருந்தது என்பதை நினைவிற்கொள்ளுங்கள். அதனை உள்ளவாறே வைத்தியரிடம் கூறுங்கள். அச்சிறு செய்தி ஒரு வாழ்வைக் காக்கக்கூடும்.