எழுத்து ஏறாத பிள்ளையும் ஏங்கும் தாயும்



நமது மாலை வகுப்புக்குப் பெல்மதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து தாயொருவர் தம் மகனை அழைத்து வந்தார். வயது பத்து. கேட்ட கதையை ஒரு சொல் விடாமல் திருப்பிச் சொல்வான், மனக்கணக்கிலும் வல்லவன். ஆனால் புத்தகத்தைத் திறந்தால் 'க' எது, 'த' எது என்று திகைப்பான். "இவன் சோம்பேறி" என்று முதல்நாளே தீர்ப்புக் கூறியவர்கள் வேறு எவருமல்லர். பட்டப் படிப்புப் படிக்கும் நாமேதான்.

அத்தாய் வாசலில் நின்றபடியே கேட்டார்: "இவன் வயித்துல இருக்கிறப்ப நிறைமாசம் வரைக்கும் மலைக்குப் போனேன் தம்பி. அதனாலயா இப்படி?"

நாம் வெட்கித் தலைகுனிந்தோம்.

1945இல் நாட்டில் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதற்குப் புறம்பாய் நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களிலேதான். ஆதலின் பிள்ளையின் படிப்பொன்றையே நம்பி வாழும் தாய்க்கு, அவனுக்கு எழுத்து ஏறவில்லை என்பது எத்தகைய இடி!

அன்பர்களே, இது தாயின் குற்றமன்று. 1896இல் இங்கிலாந்து மருத்துவர் பிரிங்கிள் மோர்கன், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். அறிவிலும் விளையாட்டிலும் தோழர்க்குச் சளைக்காத அவனுக்கு வாசிப்பு மட்டும் வரவில்லை. இதனை இன்று டிஸ்லெக்சியா என்பர். எழுத்தையும் ஒலியையும் மூளை இணைப்பதில் உள்ள இடர்ப்பாடு அது. பலரிடம் பரம்பரையாய் வருவது. அடியும் ஏச்சும் அதைப் போக்கா. ஒவ்வோர் எழுத்தையும் அதன் ஒலியோடு சேர்த்து, பொறுமையாய்ப் பன்முறை பயிற்றினால் முன்னேற்றம் உண்டு. சென்னையில் 1991இல் இத்தகைய பிள்ளைகளின் பெற்றோர் முன்னின்று டிஸ்லெக்சியா சங்கம் அமைத்தனர்.

நம் மாணவனுக்கு இருப்பது இதுதானா என்று கூற நாம் வைத்தியர் அல்லர். முதலிற் கண்ணையும் செவியையும் சோதிப்பிக்கச் சொன்னோம். "உங்கள் மேல் பிழையில்லை, அம்மா" என்றும் சொன்னோம். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நெடுநேரம் அழுதார்.

பையன் இன்னும் தட்டித் தடுமாறியே வாசிக்கின்றான். ஆனால் தாய் இப்போது வாசலில் நிற்பதில்லை. உள்ளே வந்து அவனருகில் அமர்கின்றார்.

பெரியோர்களே, 'மக்கு' என்ற சொல்லை நம் லயங்களிலிருந்து ஒழிப்போம். இளைஞர்களே, பிள்ளைக்குப் பாடம் சொல்லுமுன் தாயின் துயரைச் செவிமடுப்போம்.