வேலையை உயர்த்துங்கள், இடுப்பைக் காத்திடுங்கள்!

(காவிரிப் படுகை வட்டாரத்தில் நடைபெற்ற உழவர் நாள் விழாவில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



விதையையும் உரத்தையும் பற்றிப் பேச வேண்டியவர் இடுப்பு வலியைப் பற்றி ஏன் பேசுகிறார் என்று நீங்கள் எண்ணக்கூடும். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

என் தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடவு வேலைக்குச் சென்றவர். முதலில் முழங்கால் மூட்டு தேய்ந்தது. பிறகு இடுப்பில் வலி வந்து நிலைத்துவிட்டது. அதை எவரிடமும் சொல்லமாட்டார். "முடியவில்லை" என்று ஒரு நாள் சொன்னால், மறுநாள் நடவுக்கு அழைக்கமாட்டார்கள் என்ற அச்சம். கடைசியில் நான் மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். அவர், "இனிக் குனிந்து வேலை செய்யாதீர்கள்" என்றார். "குனியாமல் எப்படி ஐயா நாற்று நடுவது?" என்று அம்மா கேட்டார். மருத்துவர் என்னைப் பார்த்தார். உழவியலில் முதுநிலைப் பட்டம் பெற்ற எனக்கும் அன்று விடை தெரியவில்லை. பயிருக்கு எவ்வளவு இடைவெளி என்று படித்திருந்தேன். நடுபவரின் இடுப்பு எவ்வளவு தாங்கும் என்று படித்ததில்லை. அந்தக் கேள்விக்கு நான் தேடிக் கண்ட விடைகளையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இரு வலிகள், இரு வேறு அறிவுரைகள்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் இடுப்பு வலியை நாட்பட்ட வலி என்பர். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020 ஆம் ஆண்டில் உலகில் 61.9 கோடிப் பேர் இடுப்பு வலியால் துன்புற்றனர். ஆகவே இது உங்களுக்கு மட்டும் வந்த குறையன்று.

இடுப்பு வலியுடன் மூட்டுத் தேய்மானமும் சேர்ந்தால் சிக்கல் கூடுகிறது. "இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கி உட்கார்ந்து தூக்கு" என்பது இடுப்பு வலிக்காரருக்குச் சொல்லும் அறிவுரை. "முழங்காலை மடக்காதே, தரையில் குந்தாதே" என்பது மூட்டுவலிக்காரருக்குச் சொல்வது. இரண்டும் உள்ளவர் என்ன செய்வார்?

இதற்கு ஒரே வழிதான் உண்டு. உடலை வேலைக்குத் தாழ்த்துவதை விட்டு, வேலையை உடலுக்கு உயர்த்த வேண்டும்.

வயலில் செய்யத்தக்கவை

நடவையே முதலில் எடுத்துக்கொள்வோம். 20 செ.மீ.க்கு 10 செ.மீ. இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 50 குத்துகள். ஏக்கருக்குச் சுமார் 2 இலட்சம் முறை கை சேற்றைத் தொட வேண்டும். திருந்திய நெல் சாகுபடியில் 25 செ.மீ.க்கு 25 செ.மீ. இடைவெளியில் நட்டால் சதுர மீட்டருக்கு 16 குத்துகள்தான். ஏக்கருக்குச் சுமார் 65 ஆயிரம் முறை போதும். 14 நாள் வயதுடைய இளநாற்றைக் கவனமாகக் கையாள வேண்டும். சதுரமாக நட வேண்டும். எனவே வேலை நேரம் அதே அளவில் குறைந்துவிடும் என்று நான் சொல்லமாட்டேன். ஆயினும் இடுப்பின் சுமை குறையும் என்பதில் ஐயமில்லை.

சதுர நடவினால் களையெடுப்பும் எளிதாகிறது. உருளும் களைக்கருவியை நின்றபடியே தள்ளலாம். நட்ட 10 ஆம் நாள் தொடங்கி, 10 நாட்களுக்கு ஒருமுறையாக 4 முறை பயன்படுத்தலாம். வயலில் சிறிதளவு நீர் நிறுத்திக்கொண்டால் கருவி சேற்றில் சிக்காது. கைப்பிடி தள்ளுபவரின் இடுப்புக்குச் சற்று மேலே இருக்குமாறு அமைத்துக்கொள்ளுங்கள். களிமண் வயலில் இதைத் தள்ளுவதும் கடினமே. ஆகவே இருவர் மாறி மாறித் தள்ளுவது நல்லது. முளைகட்டிய விதையை உருளை விதைப்பான் கொண்டு நேரடியாக விதைத்தால் நாற்றுப் பறிப்பும் நடவும் இல்லை. இயந்திர நடவும் இடுப்புக்கு உற்ற துணையே. கருவி வாங்க இயலாதவர்கள் அருகிலுள்ள இயந்திர வாடகை மையத்தில் கேட்டறியலாம்.

கையால் நடுவதைத் தவிர்க்க முடியாதபோது, வலி வந்தபின் நிமிர்வதை விட்டு, வருமுன் நிமிருங்கள். பத்து வரிசைக்கு ஒருமுறை என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நிமிர்ந்து, இடுப்பில் கை வைத்து, மெல்லப் பின்னால் சாய்ந்து, நாலு அடி நடந்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். நாள் முழுவதும் ஒரே வேலையைச் செய்யாமல், பாதி நேரம் நடவு, பாதி நேரம் வேறு வேலை என மாற்றிக்கொள்ளுங்கள்.

மூட்டையும் தொழுவமும்

2018 ஆம் ஆண்டில் யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. அதுவும் வலியுள்ள இடுப்புக்கு மிகுதியே. மூட்டையை வண்டியிலேயே பிரித்து, இரண்டு வாளிகளில் சமமாக இட்டு, இரு கைகளிலும் தூக்கிச் செல்லுங்கள். விதையையும் உரத்தையும் தரையில் அடுக்காமல் இடுப்புயர மேடையில் வையுங்கள். காய்கறி நாற்றுகளைக் குழித்தட்டில் வளர்த்து, தட்டுகளைப் பலகை மேல் வைத்தால் நீர் ஊற்றவும் எடுக்கவும் குனிய வேண்டியதில்லை. பால் கறக்கக் குந்தாமல் முக்காலியைப் பயன்படுத்துங்கள். வீட்டில் அரிவாள்மனையை விட்டு மேடையில் நின்று காய் நறுக்குவதும் இவ்வகையே.

உடலைப் பேணுதல்

வலி என்றவுடன் நாட்கணக்கில் படுத்துவிடுவது தவறு. படுக்கையில் தசை தளர்கிறது. தசை தளர்ந்தால் வலி வளர்கிறது. 2023 ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதலும் உடற்பயிற்சியையே வலியுறுத்துகிறது. இடுப்புப் பட்டையை வழக்கமாக அணிவதைப் பரிந்துரைக்கவில்லை.

காலையில் மூன்று பயிற்சிகள் போதும்.

1. மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குதல்.
2. நாற்காலியில் அமர்ந்து ஒவ்வொரு காலாக நீட்டி, ஐந்து எண்ணும் வரை நிறுத்துதல்.
3. சமதரையில் நடத்தல்.

முதலில் ஐந்து முறையில் தொடங்கி, வாரந்தோறும் சிறிது கூட்டுங்கள். வலி மிகுந்தால் குறைத்துக்கொள்ளுங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள். உடல் எடை கூடுதலாக இருந்தால் அதைக் குறைப்பது முழங்காலுக்குப் பெருந்துணை. இளஞ்சூட்டு ஒத்தடம் கால் மணி நேரம் கொடுக்கலாம்.

வலி மாத்திரையைக் கடையில் தாமாக வாங்கி நாள்தோறும் விழுங்குவது வயிற்றுப்புண்ணையும் சிறுநீரகக் கேட்டையும் உண்டாக்கும். வெயிலில் வியர்த்து உழைப்பவருக்கு ஆபத்து இன்னும் அதிகம். பெயரில்லாத பொட்டல மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். அது சர்க்கரையைக் கூட்டும். எலும்பை வலுவிழக்கச் செய்யும். முழங்காலுக்கு மேற்பூச்சுக் களிம்பு பொருந்துமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். 2021 இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் உண்டு. இதுபற்றி ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய அறிகுறிகள்

சிறுநீர், மலம் கழிப்பதில் கட்டுப்பாடு இழத்தல், தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் வலுவிழத்தல் ஆகியவை தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. காய்ச்சல், காரணமின்றி உடல் மெலிதல், இரவில் ஓயாத வலி, கீழே விழுந்தபின் வந்த வலி ஆகியவற்றையும் அலட்சியம் செய்யாதீர்கள். முதுகெலும்பைக் காசநோய் தாக்கினாலும் இப்படி வலி வரலாம். காலையில் மூட்டுகளின் இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, விரல் மூட்டுகளும் வீங்கினால் அது முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மருந்து வேறு. விரைவில் தொடங்க வேண்டும்.

நிறைவாக ஒரு வேண்டுகோள்

நாட்பட்ட இந்த வலி முற்றிலும் நீங்கிவிடும் என்று நான் உறுதி கூறமாட்டேன். ஆனால் அதைக் கட்டுக்குள் வைத்து உழைக்கலாம், நடமாடலாம், இரவில் உறங்கலாம்.

நிலம் வைத்திருக்கும் பெருமக்களே, உங்கள் வயலில் நடவுக்கு வரும் தாய்மார்களில் எத்தனை பேர் வலியை மறைத்துக்கொண்டு குனிகிறார்கள் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். சொன்னால் வேலை போகாது என்ற உறுதியை அவர்களுக்குக் கொடுங்கள். களைக்கருவி ஒன்றை வரப்பில் வையுங்கள். இடையிடையே நிமிர்ந்து நிற்க அவர்களுக்கு நேரம் கொடுங்கள்.

என் தாயார் இப்போது நடவுக்குச் செல்வதில்லை. வீட்டுத் திண்ணையில் குழித்தட்டுகளில் கத்தரி, மிளகாய் நாற்று வளர்த்து விற்கிறார். திண்ணை அவர் இடுப்பளவு உயரம். நின்றபடியே வேலை செய்கிறார். வலி இருக்கிறதா என்று கேட்டால், "இருக்கிறது. ஆனால் இப்போது வெளியில் சொல்கிறேன்" என்கிறார்.

நீங்களும் சொல்லுங்கள்.