பாலம் காத்த இளைஞர்



போர்வீரர்களின் பெருமையைப் பேசுவோர், அவர்கள் எத்தனை பகைவரை வீழ்த்தினார்கள் என்று கணக்கிட்டுக் கூறுவது வழக்கம். நான் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் இளைஞரின் பெருமை அந்தக் கணக்கில் அடங்காது. அவர் காத்து நின்றது ஒரு பாலம். நின்ற நேரமோ ஒரு பகற்பொழுதின் சில மணி நேரமே. அதற்குள் அவர் வாழ்வு முடிந்துவிட்டது. ஆயினும், முதல் உலகப் போரில் விக்டோரியா கிராஸ் விருதுக்கு உரியவராக முதன்முதல் விளங்கியவர்களுள் அவரும் ஒருவர். அவர் பெயர் மாரிஸ் டீஸ்.

டீஸ் 1889-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் அயர்லாந்தின் வெஸ்ட்மீத் வட்டாரத்தில் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே ஆண்மகன். இங்கிலாந்தில் இயேசு சபையார் நடத்திய ஸ்டோனிஹர்ஸ்ட் கல்லூரியில் பயின்றார். அங்கே பறவைக் கூண்டுகளைப் பேணும் பொறுப்பு அவரிடம் இருந்தது. வாயில்லா உயிர்களுக்கு வேளை தவறாமல் இரையும் நீரும் வைக்கும் பணி அது. பார்ப்பவர் புகழ்வதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஆனால், ஒருநாள் மறந்தாலும் உயிர் வாடும். இக்குணத்தை மனத்தில் கொண்டால், பின்னாளில் அவர் செய்த செயல் நமக்கு நன்கு விளங்கும்.

சாண்ட்ஹர்ஸ்ட் இராணுவக் கல்லூரியில் பயிற்சி பெற்று, 1910-இல் ராயல் பியூசிலியர்ஸ் படையில் அதிகாரியாகச் சேர்ந்தார் டீஸ். 1914-இல் போர் மூண்டபோது, அப்படையின் நான்காம் பட்டாலியனுக்கு அவரே யந்திரத் துப்பாக்கி அதிகாரி.

யந்திரத் துப்பாக்கியைப் பற்றி இங்கே சிறிது கூற வேண்டும். 1884-ஆம் ஆண்டு வாக்கில் ஹைரம் மாக்சிம் என்பவர் அதனை லண்டனில் உருவாக்கினார். குண்டு வெடிக்கும்போது உண்டாகும் பின்னுதைப்பைக் கொண்டே அடுத்த குண்டு தானாக ஏறும்படி செய்தது அவர் கண்ட நுட்பம். நிமிடத்திற்கு ஏறத்தாழ 500 குண்டுகள் பாயும். 250 தோட்டாக்கள் செருகிய துணிப்பட்டை ஒன்று அரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். குழல் கொதித்துப் போகாதிருக்க அதைச் சுற்றி நீர் நிறைந்த உறை ஒன்று உண்டு. ஒருவர் சுட, ஒருவர் பட்டையை ஊட்ட, மற்றவர்கள் தோட்டாவும் நீரும் சுமந்து வர, பல கைகள் கூடினால்தான் அது இயங்கும். 1914-இல் ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட பிரிட்டிஷ் பட்டாலியன் ஒன்றுக்கு இத்தகைய துப்பாக்கிகள் இரண்டே இருந்தன. ஆகவே, எதிரியின் கண் முதலில் தேடுவது அவ்விரண்டையுமே.

1914 ஆகஸ்ட் 23, ஞாயிற்றுக்கிழமை. பெல்ஜியத்திலுள்ள மோன்ஸ் நகருக்கு வடக்கே ஒரு கால்வாய் வளைந்து செல்கிறது. அந்த வளைவில் இருப்பது நிமி என்னும் சிற்றூர். அங்குள்ள ரயில் பாலத்தைக் காக்கும் கடமை நான்காம் பட்டாலியனைச் சேர்ந்தது. டீஸின் இரு துப்பாக்கிகளும் பாலத்தருகே நிறுத்தப்பட்டிருந்தன. காலையில் ஜெர்மானியர் பீரங்கித் தாக்குதல் தொடங்கியது. பின்னர் காலாட்படையினர் பெருந்திரளாக முன்னேறினர்.

அதிகாரியின் இடம் துப்பாக்கி மேடையில் அன்று. சற்றுப் பின்னே, பதுங்குகுழியில். அங்கிருந்து கட்டளையிடுவதே அவர் வேலை. ஆனால், துப்பாக்கியின் ஓசை நின்றபோதெல்லாம் டீஸ் குழியை விட்டு எழுந்து, பட்டப்பகலில், மறைவில்லாத வெளியைக் கடந்து மேடைக்குச் சென்றார். ஓசை நின்றது என்றால், சுட்டுக்கொண்டிருந்தவன் விழுந்துவிட்டான் என்று பொருள். விழுந்தவனை அகற்றி வேறொருவனை அமர்த்தினால்தான் துப்பாக்கி மீண்டும் பேசும். முதலில் காலில் காயம்பட்டது. படுத்திருக்குமாறு உடனிருந்த அதிகாரி வற்புறுத்தியும் அவர் கேட்கவில்லை. மீண்டும் ஓசை நின்றது, மீண்டும் சென்றார். மீண்டும் காயம்பட்டது. தம் ஆட்கள் அனைவரும் சாய்ந்துவிட்ட பிறகே அவரும் சாய்ந்தார். அக்காயங்களால் அன்றே உயிர் துறந்தார். இருபத்தைந்து வயது நிறைவதற்கு இன்னும் 36 நாள் இருந்தது.

பிற்பகலில் பின்வாங்கும் ஆணை வந்தது. பாலத்தில் நின்ற மற்றவர்கள் தப்பிச் செல்வதற்கு எவராவது துப்பாக்கியை இயக்கியாக வேண்டும். சிட்னி காட்லி என்னும் சிப்பாய் முன்வந்தார். மேடையில் கிடந்த உடல்களை விலக்கி அமர்ந்து, தோழர்கள் விலகிச் செல்லும்வரை தனியொருவராகச் சுட்டார். இறுதியில் துப்பாக்கி பகைவர் கையில் பயன்படாதபடி அதனைக் குலைத்து, உறுப்புகளைக் கால்வாயில் எறிந்தார். படுகாயமுற்றுச் சிறைப்பட்டு, போர் முடியும்வரை ஜெர்மனியில் இருந்தார். அவருக்கும் விக்டோரியா கிராஸ் கிடைத்தது. 1957 வரை வாழ்ந்தார்.

இரண்டு மாதம் கழித்து, அதே பெல்ஜிய மண்ணில், ஹொலெபெக் என்னும் ஊரருகே இதே நிகழ்ச்சி மறுமுறை நடந்தது. அங்கே நின்றது நம் இந்தியப் படை. 1914 அக்டோபர் 31 அன்று, 129-ஆம் பலூச்சிப் படையின் யந்திரத் துப்பாக்கிப் பிரிவில் அதிகாரி காயமுற்றார். தோழர் ஐவரும் மாண்டனர். குதாதத் கான் என்னும் சிப்பாய், தாமும் காயமுற்ற நிலையில், ஒருவராகவே சுட்டுக்கொண்டிருந்தார். இந்தியப் படைவீரருள் முதன்முதல் விக்டோரியா கிராஸ் பெற்றவர் அவரே. ஆயிரம் பேரின் வேலையை ஒரு யந்திரம் செய்யும் என்றார்கள். உண்மைதான். ஆனால், ஆயிரம் பேரை நோக்கி வரவேண்டிய சாவும் அந்த ஓரிடத்தையே நாடி வந்தது.

மோன்ஸ் நகருக்கு அருகே சென் சிம்போரியன் என்ற இடத்தில் டீஸ் துயில்கிறார். அந்த இடுகாட்டை அமைத்தவர்கள் ஜெர்மானியர்களே. நிலத்தை அளித்த பெல்ஜியப் பெரியவர் ஒரு நிபந்தனை விதித்தார்: இருதரப்பாரையும் ஒரே மரியாதையுடன் அடக்கம் செய்ய வேண்டும் என்பதே அது. இன்று அங்கே 284 ஜெர்மானியரும், பிரிட்டனையும் அதன் காமன்வெல்த் நாடுகளையும் சேர்ந்த 229 பேரும் மரநிழலில் அடுத்தடுத்து உறங்குகின்றனர்.

அவர்களுள் ஒருவர் ஆஸ்கர் நீமையர். டீஸ் ரயில் பாலத்தைக் காத்த அதே நாளில், சற்றுத் தள்ளியிருந்த சாலைப் பாலத்தருகே இந்த ஜெர்மானிய வீரர் கால்வாயில் நீந்தி அக்கரை சேர்ந்தார். தம் தோழர்கள் கடந்து வருவதற்காக, விலக்கி வைக்கப்பட்டிருந்த பாலத்தைத் திருப்பி இணைக்க முயன்று, குண்டுபட்டு இறந்தார். ஒருவர் தோழர்கள் விலகிச் செல்ல உயிர் கொடுத்தார். மற்றவர் தோழர்கள் முன்னேறி வர உயிர் கொடுத்தார். இருவருக்கும் இடையே தனிப்பட்ட பகை ஏதுமில்லை.

டீஸின் வீரத்தை நான் குறைத்துக் கூறவில்லை. துப்பாக்கி ஓய்ந்தபோதெல்லாம் எழுந்து சென்ற அவர் கால்களில் இருந்தது கொலைவெறி அன்று. தம்மை நம்பி நிற்பவர்களைக் கைவிடாத பொறுப்பு. பறவைக் கூண்டுகளைப் பேணிய இளைஞரிடம் இருந்ததும் அதே பொறுப்புத்தான். அத்தகைய பொறுப்புணர்ச்சி எந்த நாட்டுக்கும் பெருஞ்செல்வம். அதனை ஒரே முற்பகலில் ஒரு பாலத்தருகே செலவழித்துவிட்டது போர். விருதைப் போற்றும்போது இந்த இழப்பையும் சேர்த்து எண்ணுவதே அவருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதை.