இவனுக்கு என்ன தெரியும்?

ஆசிரியத் தொழிலில் கழிந்த என் நாட்களை எண்ணிப் பார்க்கும்போது, செய்தவற்றைவிடச் செய்யத் தவறிய ஒன்றே முதலில் நினைவுக்கு வருகிறது. அதைச் சொல்லித்தான் இன்றைய பேச்சைத் தொடங்க வேண்டும்.

1989-ஆம் ஆண்டு. மயிலாப்பூர்ப் பள்ளி ஒன்றில் மாணவர் சேர்க்கையைக் கவனிக்கும் பொறுப்பு எனக்கு. எட்டு வயதுப் பையன் ஒருவனை அவன் தந்தை அழைத்து வந்தார். "உன் பெயர் என்ன?" என்று கேட்டேன். "உன் பெயர் என்ன?" என்றே அவனும் சொன்னான். என் முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. பள்ளி மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு அலறினான். "லஸ் முனையில் வந்து நிற்கும் பேருந்துகளின் எண்களையும், அவை போகும் இடங்களையும் தவறாமல் சொல்லுவான்" என்றார் தந்தை. நான் அதைப் பொருட்படுத்தவில்லை. 'பதில் கூறவில்லை, எழுதவில்லை, அமரவில்லை' என்று தாளில் குறித்து, இடமில்லை என்றேன். "சார், இவனுக்குத் தெரிந்ததை எழுத அந்தத் தாளில் இடமே இல்லையா?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து போனார்.

அந்தப் பையனிடம் நான் கண்டவை ஆட்டிசத்தின் அடையாளங்கள் என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். என் ஆசிரியப் பயிற்சியில் அச்சொல்லை ஒருவரும் உச்சரித்ததில்லை. ஆனால், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கன்னர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து 1943-லேயே அதைப் பற்றி எழுதியிருந்தார். தாயின் அன்புக் குறைவே இதற்குக் காரணம் என்று அறிஞர் சிலர் அதன்பின் நெடுங்காலம் கூறி வந்தனர். அக்கொடிய பழியை மறுத்து, இது மூளை வளர்ச்சியைச் சார்ந்தது என்று 1964-ல் நூல் எழுதியவர் பெர்னார்டு ரிம்லாண்டு. அவர் ஓர் உளவியலாளர். அத்தகைய மகனைப் பெற்ற தந்தையும்கூட. இத்துறையின் ஆராய்ச்சியும் உரிமைக் குரலும் பெரும்பாலும் பெற்றோரின் வீட்டிலிருந்தே பிறந்தன.

நம் சென்னையிலும் அப்படித்தான். மூளை முடக்குவாதம் கொண்ட மகனின் தாயான பூனம் நடராஜன் 1985-ல் தொடங்கிய அமைப்பே, இன்று கோட்டூர்புரத்தில் உள்ள வித்யாசாகர். சென்னையிலேயே அப்பணி நடந்துகொண்டிருந்தபோது, மயிலாப்பூரில் இருந்த நான் அதனை அறியாதிருந்தேன்!

மற்றொரு செய்தியும் என்னைத் தலைகுனிய வைத்தது. விஜய் ஹியூமன் சர்வீசஸ் என்னும் சென்னை நிறுவனத்தைச் சேர்ந்த பி. ஜெயச்சந்திரனும் வி. விமலாவும், அறிவுத்திறன் வளர்ச்சியில் பின்தங்கிய குழந்தைகளுக்காக ஒரு மதிப்பீட்டு முறையை வகுத்தனர். சென்னையின் பழைய பெயரையே தாங்கி, 'மெட்ராஸ்' முறை என்று அது வழங்குகிறது. உண்ணுதல், உடுத்தல், பேச்சு, பணம், நேரம் என 18 துறைகள். துறைக்கு 20 ஆக 360 செயல்கள். எளியதிலிருந்து கடினமானது வரை அவை படிப்படியாக அமைந்துள்ளன. குழந்தை எந்தப் படிவரை ஏறியிருக்கிறது என்று கண்டு, அதற்கு அடுத்த படியை ஆசிரியர் கற்பிக்க வேண்டும். தந்தை கேட்ட இடம் அந்தத் தாளில் இருக்கிறது. குழந்தைக்குத் தெரிந்ததிலிருந்தே பாடம் தொடங்குகிறது.

பேருந்து எண்களில் பற்றுள்ள பையனுக்கு அந்த எண்களையே பாடமாக்கலாம் அல்லவா? எண்ணைப் படித்தல், சீட்டுக்குக் காசு எண்ணித் தருதல், நேரம் பார்த்தல், வரிசையில் காத்திருத்தல் என்று ஒரு பேருந்துப் பயணத்திலேயே எத்தனை படிகள்! மணியோசை அவனைத் துன்புறுத்தினால், மணி அடிக்குமுன் அவனுக்குச் சொல்லிவைக்கலாம். இவற்றுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை; கூர்ந்த கண்ணும் பொறுமையுமே தேவை.

சட்டமும் மெல்லவே விழித்தது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் ஆட்டிசம் இடம் பெறவில்லை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதைச் சேர்த்தது. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் 21 குறைபாடுகளுள் ஒன்றாக அதை ஏற்றது. பெற்றோர் ஓயாமல் கதவைத் தட்டியதன் பயன் இது.

நண்பர்களே, என்ன தொழில் கொள்வது என்று எண்ணும் வயது உங்களுக்கு. சிறப்புக் கல்வியில் பட்டயப் படிப்பும் பட்டப் படிப்பும் உள்ளன. அவற்றை முடித்து, இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டிலேயே மத்திய அரசின் தேசிய நிறுவனம் ஒன்று பயிற்சி அளிக்கிறது. இத்தொழிலில் பலன் விரைவில் தெரியாது. ஒரு குழந்தை தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்ள மாதங்கள் பல ஆகலாம். ஆயினும் அன்று அத்தாயின் முகத்தில் தோன்றும் மலர்ச்சிக்கு ஈடான பரிசை, நான் பள்ளிகளில் வழங்கிய எந்தக் கேடயத்திலும் கண்டதில்லை.

எல்லோரும் இத்துறைக்கு வரவேண்டும் என்பதில்லை. உங்கள் வகுப்பில் ஒருவன் கண்ணைப் பார்த்துப் பேசாமல், சொன்னதையே திருப்பிச் சொன்னால் நகையாடாதீர்கள். அவனுக்கு என்ன தெரியும் என்று பொறுமையாகக் கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது. அந்தப் பையன் இன்று நாற்பதைக் கடந்திருப்பான். அவனைத் தேடும் வழி எனக்கு இல்லை. உங்களிடம் சொல்லும் வழி இருக்கிறது. சொல்லிவிட்டேன்.